மூடியில் எழுதிய பெயர்கள்

பெரிய டாக்டர் ஊரைவிட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையிலிருந்தே ஆராய்ச்சி நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவருடைய பதினெட்டு வருஷத்துச் சாமான்கள் மூன்று மாடிப் படிகளிலும் கை மாறிக் கை மாறி இறங்கின. ஸ்டோர் அக்கா வாசலில் நின்று பெட்டிகளை எண்ணினாள். பதினொன்று. வண்டியில் ஏற்றிய பிறகு மறுபடி எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான். எண்ணச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

அந்த நிலையத்தின் ஸ்டோர் கீப்பர் அவள். தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை. குடுவை, சோதனைக் குழாய், அமிலப் புட்டி, பஞ்சு, கையுறை என்று எதுவும் அவள் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து நகராது. வயதில் மூத்த விஞ்ஞானிகள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், காரியம் ஆக வேண்டுமே.

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், "நாலாவது தரம் இழுத்தா கையோட வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். ஆனால் ஸ்டோரில் பயம் ஒரு தகுதி. பத்தொன்பது வருஷத்தில் அவள் பொறுப்பில் ஒரு புட்டி உடைந்ததில்லை, ஒரு லேபிள் மாறியதில்லை.

வண்டி கிளம்பும் முன் பெரிய டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு தடித்த நோட்டைக் கையில் திணித்தார். அவளுக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்ததால்தான் வாங்கத் தயங்கினாள்.

"என்கிட்டயா? டாக்டர், எனக்கு நாலு பேர் முன்னாடி தும்மக்கூட வராது."

"அதனாலதான் உங்ககிட்ட. தைரியசாலிங்க கையில குடுத்தா தொலைச்சிடுவாங்க. நீங்க பயந்து பயந்தே காப்பாத்திடுவீங்க."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஒரு மெசேஜ் போடுங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

வேறு கண்டத்துக்குப் போகிறவர் இதைச் சொன்னார். ஸ்டோர் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு தேர்தல் நாளில் அந்த நோட்டு பிறந்தது. ஓட்டுப் போட ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போன பெரிய டாக்டர், வரிசையில் நிற்கும்போது ஒரு பூட்டிய கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். உள்ளே ஒரு மைக்ரோஸ்கோப். வாங்கிய நாளில் சுற்றியிருந்த பாலிதீன்கூடப் பிரிக்கப்படவில்லை. கெட்டுப்போய்விடும் என்று திறப்பதில்லையாம். அதைத் திறக்க ஒரு ஆளைக் கூட்டிவருகிறேன் என்று அன்று வாக்குக் கொடுத்தவர், பிறகு ஒவ்வொரு இரண்டாவது வியாழனும் ஒரு விஞ்ஞானியையும் ஒரு பெட்டிச் சாமானையும் ஏதாவது ஒரு பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார். இப்போது பன்னிரண்டு பள்ளிகள். எதிலும் சோதனைக்கூடம் கிடையாது. பிள்ளைகளின் வீடுகளில் கூலி வேலை, வீட்டு வேலை, சில வீடுகளில் வேலையே இல்லை.

எந்தப் பள்ளிக்கு எந்த விஞ்ஞானி என்று பொருத்தம் பார்ப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. கல்யாணத் தரகு இதைவிடச் சுலபம். நோட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு இருந்தது. 'நட்சத்திரக்காரர்: நல்லவர், குரல் போதாது, சின்ன வகுப்புக்கு மட்டும்.' 'வேதியியல்: வெடிக்கிற எதையும் கையில் கொடுக்காதே.' 'காளான்: பிள்ளைகளுக்குப் பிடிக்கும். போட்டோ பைத்தியம். ஒரு கண் வைக்கவும்.'

முதல் இரண்டு மாதம் ஸ்டோர் அக்கா அந்த நோட்டோடு பட்ட பாடு நாய் படாது. விஞ்ஞானிகளிடம் போனில் பேசுமுன் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வாள். முதல் வரியே 'வணக்கம்' என்று இருக்கும். யாராவது குறுக்கே கேள்வி கேட்டுவிட்டால் தாளில் பதில் இருக்காது, அவள் பேசாமல் நிற்பாள், மறுமுனையில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார். இப்படியே நான்கு பள்ளிகளை ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு வியாழன் மாலையும் பெட்டி முழு எண்ணிக்கையோடு திரும்பி வந்ததும்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

ஐந்தாவதுதான் அந்த ரயில் பாதைப் பள்ளி. காளான் டாக்டரின் முறை.

காளான் டாக்டருக்கு முப்பத்திரண்டு வயது. பூஞ்சைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பிட மறந்துவிடுவார், கேட்பவரையும் சாப்பிட விடமாட்டார். ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வீட்டில் குடிக்கிற தண்ணீரைச் சின்னப் புட்டியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உள்ளங்கை அகலமுள்ள வட்டத் தட்டு ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ஜெல்லி போல ஒன்று உறைந்திருக்கும். அது கிருமிகளுக்கான சாப்பாடு. தண்ணீரை அதன்மேல் தடவிக் கதகதப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகிப் புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். கழிவுநீர் கலந்த தண்ணீர் என்றால் புள்ளிகள் பொன்வண்டின் முதுகுபோல் பச்சையாய் மின்னும். அடுத்த முறை வரும்போது அவரவர் தட்டை அவரவரிடம் காட்டுவார்கள்.

இந்தத் தட்டுகளைத் தொடுகிற எவரும் முதலில் கற்கும் பாடம் ஒன்று உண்டு. பெயரை மூடியில் எழுதக் கூடாது, தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடி மாறிவிடும், அடி மாறாது. புதிதாகச் சேரும் மாணவர்கள் இதற்காகத் திட்டு வாங்குவதைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்டவள் ஸ்டோர் அக்கா.

அன்று தட்டுகள் அதிகம் என்று அவளும் பெட்டியோடு பள்ளிக்குப் போயிருந்தாள், அவள்தான் தட்டுகளைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னாள். முதல் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து நின்றாள். எல்லாவற்றுக்கும் குறுக்கு விசாரணை செய்வதால் தலைமையாசிரியை அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்.

"அடியில எழுதினா என் பேர் எனக்கே தெரியாதே. ஒளிச்சு வெக்கவா எழுதுறாங்க?"

வகுப்பே சிரித்தது. முப்பத்தொரு முகங்களும் ஸ்டோர் அக்காவைப் பார்த்தன. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏன் என்று விளக்க இரண்டு வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியமும் தாளில் இல்லை. "சரி, மேலயே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். வக்கீல் தன் பெயரைப் பெரிதாக எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஸ்டோரைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, காளான் டாக்டர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். நேற்று மாலை எடுத்த படமாம், நிலையத்தின் மாதப் பத்திரிகைக்கு. கறுப்புத் துணிமேல் முப்பத்தொரு வட்டங்கள், ரங்கோலி போல் அடுக்கியிருந்தார். முப்பது தட்டுகள் ஊதாவாகவே இருந்தன, அங்கங்கே ஒன்றிரண்டு வெளிறிய பொட்டு. நடுவில் ஒரே ஒரு தட்டு. அதில் இடைவெளியே இல்லை. விளிம்புவரை பச்சை.

"எப்படி மின்னுது பாருங்க அக்கா. இந்த ஒண்ணுனாலதான் படமே எடுபடுது."

அவள் பச்சையைப் பார்க்கவில்லை. வட்டங்களின் ஓரத்தைப் பார்த்தாள்.

"மூடியெல்லாம் எங்க?"

"மூடி இருந்தா வெளிச்சம் அடிக்கும். கழட்டிப் பக்கத்துல அடுக்கி வெச்சேன். அப்புறம் போட்டுட்டேன்."

"அதே தட்டுக்கு அதே மூடியா?"

காளான் டாக்டர் இதிலென்ன என்பதுபோல் சிரித்தார். "பேர் அடியிலதானே இருக்கும்? எப்பவும் அடியில..."

அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

இருவரும் மேலே ஓடினார்கள். முப்பத்தொரு தட்டுகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடியில் எதுவும் இல்லை. பச்சைத் தட்டின் மூடியில் ஒரு பையனின் பெயர் இருந்தது, ஆனால் அதற்கு இப்போது எந்த அர்த்தமும் இல்லை. முப்பத்தொரு வீட்டில் ஏதோ ஒரு வீட்டில் சாக்கடை கலந்த தண்ணீரைக் குடிக்கிறார்கள். எந்த வீடு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

 ஸ்டோர் அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. ஏழு வயதில் அவனுக்கு இருபது நாள் காய்ச்சல். குடிதண்ணீர்தான் காரணம் என்று பிற்பாடு சொன்னார்கள். உயிரை விட்டுவிட்டுக் காதைக் கொண்டுபோனது அந்தக் காய்ச்சல். இன்றைக்கும் அவனை அழைக்க வேண்டுமானால் எதிரில் போய் நின்று கையசைக்க வேண்டும்.

காளான் டாக்டர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். இது வெறும் டெமோ, சான்றிதழ் கொடுக்கிற பரிசோதனை இல்லை. புட்டியே அழுக்காக இருந்திருக்கலாம், ஏதாவது ஒரு பிள்ளை கையைக் கழுவாமல் தொட்டிருக்கலாம் என்றார். அதுவும் உண்மைதான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போய்ச் சொன்னா முப்பத்தொரு வீடும் பயப்படும் அக்கா. அப்புறம் எந்த ஸ்கூல் நம்மள உள்ள விடும்? டைரக்டருக்குத் தெரிஞ்சா மொத்தத்தையும் மூடிடுவாரு."

அவளுக்கு இரண்டு பயமும் இருந்தது. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும். இரண்டையும் தூக்கிப் பார்க்க அவளிடம் தராசு இல்லை. தராசு பெரிய டாக்டரிடம் இருந்தது. ஸ்டோருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மெசேஜ் எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதி, மூடியில் எழுதச் சொன்னது நான்தான் என்றும் எழுதி, 'என்ன செய்யட்டும் டாக்டர், சொல்லுங்கள், காத்திருக்கிறேன்' என்று முடித்தாள். அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது.

இரண்டாவது டிக் விழவில்லை. சனிக்கிழமை முழுக்க விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்தும் விழவில்லை. அங்கே இப்போது என்ன மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். தூங்குவார், எழுந்திருப்பார், இப்போது காலையாயிருக்கும், இப்போது பார்ப்பார். வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், ஆறியதும் சந்தேகம் வந்து மறுபடி கொதிக்க வைத்தாள்.

"இன்னொரு தரம் கொதிச்சா பாத்திரம்தான் மிஞ்சும்" என்றார் கணவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். அவள் சொன்னாள். பணிமனையில் பிரேக் பார்க்கிற மனிதர் அவர். கேட்டுவிட்டு விரல் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினார்.

"ஒரு பஸ்ஸுல பிரேக் போயிருக்கு, எந்த பஸ்னு தெரியல. நான் என்ன பண்ணுவேன்? அதிகாரி லெட்டர் போடட்டும்னு உக்காருவேனா? முப்பத்தொண்ணையும் ஓரம் கட்டுவேன். அவங்க பதில் போட்டாத்தான் அது கெட்ட தண்ணியா?"

திங்கட்கிழமை விடிந்ததும், முதல் பஸ்ஸில் அவள் தனியாகப் பள்ளிக்குப் போனாள். மடியில் முப்பத்தொரு புதுத் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் அழியாத மையில் எண் எழுதியிருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ரயில் கேட் மூடியிருந்தபோது, திறக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பும் அவளைப் பயமுறுத்தியது.

தலைமையாசிரியை ஒடிசலான அம்மாள், நாக்கு மட்டும் கனம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் பெயர் எழுதும் இடத்தில் கோட்டைவிட்டீர்களா என்று கேட்டார். இதை மறைத்திருக்கலாமே, எனக்குத் தெரிந்திருக்காதே என்றும் கேட்டார். 

"நீங்களே வகுப்புல சொல்லுங்க. என் வாயால சொன்னா என் தப்பாயிடும்."

அவள் சொன்னாள். தாள் இல்லை. குரல் முதல் வரியிலேயே உடைந்தது. நான் தப்பு செய்துவிட்டேன், அடியில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மேலே எழுதச் சொன்னேன். அதனால் யாருடைய தண்ணீர் கெட்டது என்று தெரியவில்லை. இன்றிலிருந்து எல்லோர் வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், அம்மாவிடம் போய் இப்படியே சொல்லுங்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அக்கா, உங்களுக்கும் மார்க் குறைப்பாங்களா?" என்று கேட்டான். குறைப்பார்கள் என்றாள். அவனுக்குத் திருப்தி.

பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குடிதண்ணீரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தட்டுகளில் தடவினாள். தடவி முடித்து எண்ணினாள். முப்பது. பெட்டியில் ஒரு தட்டு மிச்சம். முதல் பெஞ்சில் ஒரு இடம் காலி.

"அது வக்கீல் எடம். எங்கயாவது கேஸ் இருக்கும், வந்துரும்" என்றார் தலைமையாசிரியை. ஸ்டோர் அக்கா மிச்சத் தட்டை மற்றவற்றோடு வைக்காமல் தனியே கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் காளான் டாக்டர் கதகதப்புப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஊதா. ஊதா. ஒரு வெளிறிய பொட்டு. ஊதா. அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பச்சை எங்கும் இல்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நான்தான் சொன்னேனே அக்கா, புட்டி அழுக்குன்னு. எல்லாம் சுத்தம்."

ஸ்டோர் அக்கா தட்டுகளை மறுபடி எண்ணினாள். வாழ்க்கையில் அவள் பார்த்து மிகவும் பயந்தது அந்த முப்பது சுத்தமான தட்டுகளைத்தான்.

"முப்பத்தொண்ணாவது எங்க டாக்டர்?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

வக்கீல் அன்றும் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே வரவில்லை என்று வருகைப் பதிவேடு சொன்னது. திங்கட்கிழமை வகுப்பில் சொன்ன எச்சரிக்கை முப்பது வீடுகளுக்குப் போயிருந்தது, போக வேண்டிய ஒரு வீட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டில் இருந்த முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். தாயும் மகளும் போன மாதமே காலி செய்துவிட்டார்களாம், எங்கே என்று தெரியாதாம். தலைமையாசிரியையின் நாக்கு அன்று ஒரு பகடியும் பேசவில்லை. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி விசாரித்தார். ஐந்தாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண், டயர் கடைக்குப் பின்னால் அவளைப் பார்த்ததாகச் சொன்னாள்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் ஓரமாகத் திறந்த சாக்கடை. சாக்கடைக்குள் ஒரு ரப்பர் குழாய் மூழ்கியபடியே போனது. நடுவில் இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட்டு, சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்தது. ஸ்டோர் அக்கா குழாயின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நடந்தாள். அது கடைசி அறையின் வாசலில் ஒரு நீல டிரம்முக்குள் போய் முடிந்தது. வேறு எந்த வீட்டுக்கும் அந்தக் குழாய் போகவில்லை.

கதவு திறந்திருந்தது. பாயில் வக்கீல் சுருண்டு கிடந்தாள். இரட்டைச் சடை பிரிந்து முகத்தில் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது, கண்கள் குழிக்குள் போயிருந்தன. தாய் பக்கத்தில் மண்டியிட்டு, மகளின் தலையைத் தாங்கி, டம்ளரை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார்கள், வயிற்றுப்போக்குக்கு நிறையத் தண்ணீர் கொடு என்று. நான்கு நாளாக நிறையக் கொடுத்திருக்கிறாள். அந்த டிரம்மிலிருந்து எடுத்துத்தான்.

"அந்தத் தண்ணி வேணாம்!"

அந்தக் குரல் தன்னுடையது என்று ஸ்டோர் அக்காவுக்கே தெரியவில்லை. வாசலில் நின்ற காளான் டாக்டர் திடுக்கிட்டுப் போனார். டம்ளர் கீழே உருண்டது.

பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் அவள் நினைவில் இருக்கின்றன. சிறுமியைத் தூக்கியது காளான் டாக்டர். அவள் கனமே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆஸ்பத்திரியில் நரம்பு அகப்படாமல் நர்ஸ் நான்கு இடத்தில் ஊசி போட்டுப் பார்த்தது. இன்னும் அரை நாள் போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்று டியூட்டி டாக்டர் யாரையும் பார்க்காமல் சொன்னது.

இரண்டு நாள் கழித்துத்தான் சிறுமி கண் திறந்து சரியாகப் பார்த்தாள். அன்று தாய் வராந்தாவுக்கு வந்து ஸ்டோர் அக்காவின் எதிரில் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று காளான் டாக்டர் நினைத்தார். ஸ்டோர் அக்கா அப்படி நினைக்கவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை."

"நீங்க வந்தது செவ்வாக்கிழமை."

"ஆமா."

"நடுவுல மூணு நாள் என் கையாலயே ஊத்தியிருக்கேன்."

அதற்கு மேல் அந்தத் தாய் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒரு மெசேஜுக்காகக் காத்திருந்தேன் என்று ஸ்டோர் அக்காவால் சொல்ல முடியவில்லை. எந்தத் தாய்க்கு அது பதிலாகும்?

டைரக்டர் கூப்பிட்டார். திட்டம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. காளான் டாக்டர் தன் பங்கை எழுதிக்கொடுத்தார், ஒரு வரியும் குறைக்காமல். நோட்டு ஸ்டோரின் இரும்பு அலமாரியில் அமிலப் புட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. இனி யாரையும் கூப்பிட வேண்டாம், யார் முன்னாலும் நிற்க வேண்டாம். அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது வியாழன் வரும்போதெல்லாம் கை தானாகப் பெட்டியைத் தேடியது.

மூன்றாவது மாதம் தலைமையாசிரியை டைரக்டருக்குக் கடிதம் எழுதினார். தப்பே செய்யாதவர்கள் எங்கள் பள்ளிக்கு நிறையப் பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், தப்பு செய்துவிட்டேன் என்று பஸ் ஏறி வந்து சொன்ன ஒரே ஆளை நிறுத்திவிட்டீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் முப்பத்தொரு கையெழுத்து. ஒன்றைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டிருந்தது.

திட்டம் மறுபடி தொடங்கியது. நோட்டின் முதல் பக்கத்தில் ஸ்டோர் அக்கா தன் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தாள். பெயர் அடியில். மறுநாள் காலை பள்ளிக்குப் போன் செய்து வராதவர் யார் என்று கேட்கவும். விஞ்ஞானிகள் இரண்டாவது வரியைப் பார்த்து இது எதற்கு என்று கேட்பார்கள். அவள் விளக்குவாள். விளக்கும்போது இன்றும் உள்ளங்கை வேர்க்கும், ஆனால் தாள் பார்ப்பதில்லை. பள்ளிக்குப் போனால் வக்கீலின் தாய் சில நாள் வாசல் கேட் பக்கம் நிற்பாள். பார்ப்பாள், தலையசைப்பாள், பேசமாட்டாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மறுநாளைக்கான தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பெரிய டாக்டர். பழைய எண்ணை அங்கே போனதுமே கைவிட்டுவிட்டாராம், அந்தப் போனை இன்றுதான் திறந்தாராம். ஒரு சனிக்கிழமை அவள் அனுப்பிய அந்த நீண்ட மெசேஜுக்குக் கீழேயே, தேதியைக் கவனிக்காமல், பதில் வந்திருந்தது.

'மன்னிச்சிடுங்க அக்கா, இப்பதான் பாத்தேன். பாவம், ரொம்பப் பயந்திருப்பீங்க. இது டெமோதான், பெரிசா எடுத்துக்காதீங்க. தட்டையெல்லாம் ஆட்டோகிளேவ்ல போட்டு அழிச்சிடுங்க. ஸ்கூலுக்குச் சொல்ல வேண்டாம், வீணா பயப்படுவாங்க. அடுத்த தடவை அடியில எழுதுங்க, அவ்வளவுதான்.'

ஸ்டோர் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது டிக் விழுந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். சரி டாக்டர் என்று எழுதியிருப்பாள். தட்டுகளை எண்ணி ஆட்டோகிளேவின் கொதிநீராவியில் போட்டுக் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்திருப்பாள்.

போன் மறுபடி ஒரு தரம் அதிர்ந்தது. கடைசியாக ஒரு வரி.

'நான் இருக்கேன்ல. பயப்படாதீங்க.'